அண்ணா வாங்கிய துவக்கும் நான் வைத்த கையெழுத்தும்

எங்கள் அண்ணா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. காலையில் திருப்பலியில் கலந்துகொண்டு, இப்போது கோவில் மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில் இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர், நண்பர் எல்லாருக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அண்ணா ஒரு தெய்வப்பிறவி என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. "நல்லதை மட்டும் எழுதுங்கோ மச்சாள், ஆக்கள் வாசிப்பினம்" என்றுதான் அண்ணி கேட்டார். நல்லதையும் எழுதுகிறேன், மற்றதையும் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அண்ணிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அழுதார், ஓரிடத்தில் சிரித்தார், பிறகு "போடுங்கோ" என்றார். என் கணவருக்கு மட்டும் காட்டவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அண்ணா ஊர்காவற்றுறையில் பிறந்தார். அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர்: அண்ணா, சின்னண்ணா, நான். அப்பாவின் அழகான கையெழுத்தும், எதையும் இரண்டு பிரதி எடுத்து வைக்கும் பழக்கமும் அண்ணாவுக்கு அப்படியே வந்தன. எனக்கு அப்பாவின் கோபம் வந்தது. சின்னண்ணாவுக்கு என்ன வந்தது என்று பார்க்க எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. பாண் வாங்கப் போன இடத்தில் துவக்குச் சூடு பட்டுச் செத்துப்போனான். அவனுக்குப் பத்தொன்பது வயது. யாருடைய துவக்கு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவனைக் கழுவி, அப்பாவின் வேட்டியை உடுத்திவிட்டது அண்ணாதான்.

அதற்குப் பிறகு அண்ணா பல நாட்டு விமான நிலையங்களில் படுத்தெழும்பி ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார். உணவகத்தில் கோப்பை கழுவினார். பேப்பர் போட்டார். கடைசியில் ஒஷாவாவில் கார் இருக்கை செய்யும் தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்தது. அந்த வேலையைக் காட்டித்தான் என்னைக் கூப்பிட்டார். நான் வந்திறங்கிய அன்று மோர்னிங்சைட்டில் அவருடைய அப்பாட்மெண்டில், காலில் சப்பாத்தோடேயே நின்று, மாதா படத்துக்கு முன்னால் அவரை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அண்ணா, எங்கட ஆக்கள் ஒருத்தற்ற கையிலயும் இனித் துவக்கு வரக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

"ஓம் பிள்ளை, சத்தியம். முதல் ஜக்கெற்றைக் கழட்டு."

இதுதான் அண்ணா எனக்குச் செய்த சத்தியம். மாதாவும் நானும் சாட்சி.

அண்ணாவின் நற்குணங்களை எழுதவேண்டுமென்றால் படிவங்களைத்தான் எழுதவேண்டும். அகதி விண்ணப்பம், ஸ்பொன்சர், குடியுரிமை, வீட்டுக்கடன், பென்ஷன் என்று மோர்னிங்சைட்டில் அவர் நிரப்பிக் கொடுக்காத படிவம் இல்லை. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேருடைய பிறந்த திகதி அண்ணாவுக்கு மனப்பாடம். ஒரு சதம் வாங்கமாட்டார். தேத்தண்ணிகூடப் பாதிதான் குடிப்பார். எல்லாவற்றையும் நிரப்பி முடித்து, நாங்கள் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுத் தருவார். அண்ணாவின் பெருக்கல் குறி இருந்தால் வாசிக்கத் தேவையில்லை. அதன் மேல் கையெழுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம். எங்கள் குடும்ப வழக்கமே அது. நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு படிவத்தையாவது முழுதாக வாசித்ததில்லை. என் கலியாணப் பதிவுப் பத்திரத்தைக்கூட வாசிக்கவில்லை.

அப்படி நான் கட்டியவர் பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் வேலை. அண்ணா அவரை 'மச்சான்' என்பார், அவர் அண்ணாவை 'அத்தான்' என்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைவு. அண்ணாவுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலால் வந்து இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டு மேசையில் அண்ணா உப்பை எடு என்பதற்கு மேல் இவரிடம் ஏதாவது சொன்னதாக எனக்கு நினைவில்லை. பாவம், சனிக்கிழமையும் ஓவர்ரைம் செய்து களைத்துப்போன மனுசர் என்று நினைப்பேன்.

ஏழு வருடம் அப்படித்தான் நினைத்தேன். சனி ஓவர்ரைம். அண்ணாவுக்கு ஒஷாவாவில், இவருக்குப் பிறம்ரனில். அண்ணா அதிகாலையில் வந்து இவரை ஏற்றிக்கொண்டு போவார். ஒஷாவா கிழக்கே, பிறம்ரன் மேற்கே. ஒருவர் மற்றவரை எப்படி வழியில் இறக்கிவிடலாம் என்று ஏழு வருடமாக எனக்குக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்! அதைவிட, விடிய எழும்பி இருவருக்கும் றோல்ஸ் பொரித்துக் கட்டிக் கொடுப்பேன். முதலில் பத்து. பிறகு அண்ணா, "வேலையில மற்ற ஆக்களும் கேக்கினம், கொஞ்சம் கூடப் போடு பிள்ளை" என்றார். இருபது போட்டேன். நாற்பதும் போட்டேன்.

மார்கழி மாதத்தில் அண்ணா வாத்திறைச்சி கொண்டுவருவார். ஒஷாவாப் பக்கம் தெரிந்த பண்ணைக்காரன் ஒருவன் தருகிறான் என்றார். உரிப்பது, அரிவது என்ற கரைச்சல் எனக்கு இல்லாமல், கழுவித் துடைத்து உறைபையில் போட்டுத் தருவார். ஒரு நத்தார் அன்று அந்தக் கறியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது 'கடக்' என்று என் கடைவாய்ப்பல் வெடித்தது. வாயிலிருந்து எடுத்துப் பார்த்தால் மிளகைவிடச் சின்னதாக ஒரு இரும்புக் குண்டு.

அண்ணா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "உது கிறைண்டரின்ர பெயறிங் குண்டு. உந்தக் கிறைண்டரை எறி எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"ஒரு தரமும் சொல்லேல்லையே?"

"இப்ப சொல்லுறன். தா அதை, கடைக்காரனுக்குக் காட்டுறன்."

குண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அண்ணி தண்ணீர் எடுக்க எழும்பிப் போனார். நான் பல்லைப் பிடித்துக்கொண்டு, அம்மா எனக்குச் சீதனத்தோடு கொடுத்தனுப்பிய கிறைண்டரைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். அடுத்த வாரம் அண்ணா புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். எவ்வளவு அன்பான அண்ணா என்று கோவிலில் நாலு பேருக்குச் சொன்னேன். அந்த நாலு பேரும் இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள்.

பிறகு அண்ணாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். கண்டுபிடிக்கும்போதே பரவியிருந்தது. ஐந்து மாதம். வலியைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. கடைசி வாரங்களில் மருத்துவமனையில் நானும் அண்ணியும் மாறி மாறி இருந்தோம். பக்கத்துக் கட்டில் நோயாளியின் காப்புறுதிப் படிவத்தையும் அங்கே படுத்தபடி நிரப்பிக் கொடுத்தார், அதிலும் பென்சில் குறி போட்டுத்தான். போய்ச் சேர்ந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது.

முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிந்து இரண்டு நாள் கழித்து அண்ணி என்னைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார். தேத்தண்ணி ஊற்றி வைத்தார், அதைக் குடிக்கவும் விடவில்லை.

"மச்சாள், நான் ஒண்டு சொல்லுறன், சத்தம் போடாதேங்கோ."

நான் சத்தம் போடுவேன் என்று தெரிந்தவர்கள்தான் இப்படித் தொடங்குவார்கள். பேஸ்மென்டுக்குக் கூட்டிக்கொண்டுபோனார். சூடாக்கிக்குப் பின்னால் சுவரோடு சேர்த்துத் திருகியிருந்த ஒரு சாம்பல் நிற இரும்பு அலுமாரி. அது ஏதோ மின்சாரப் பெட்டி என்று நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அண்ணி திறப்பைப் போட்டுத் திறந்தார். உள்ளே ஒரு துவக்கு நின்றது.

கறுப்பு நிறம், மினுக்கம் இல்லை. விசையில் பூட்டுப் போட்டிருந்தது. படியிலேயே இருந்துவிட்டேன்.

"ஆற்ற இது?"

"அவற்றதான். களிமண் தட்டுச் சுடுற போட்டிக்குப் போறவர். இலையுதிர் காலத்தில ஏரிப் பக்கம் வாத்துச் சுடவும் போறவர். லைசென்ஸ் எல்லாம் இருக்கு மச்சாள், ஒண்டும் களவில்லை."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"பெஞ்சாதி கையெழுத்து வைக்கவேணும் எண்டு அந்தப் படிவத்தில இருக்கு. என்னட்ட வாயாலை கேட்டவர். நான் மூண்டு நாள் யோசிச்சுப்போட்டு வைச்சனான்."

அப்போதுதான் அலுமாரியின் அடித்தட்டில் கண்ணில் பட்டது. துவக்கின் அடிப்பக்கத்தில், தோளில் முட்டுகிற இடத்தில் ஆளின் உயரத்துக்கேற்பக் கழற்றிப் பூட்டுகிற றப்பர்க் கட்டைகள் இரண்டு. ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு. இரண்டிலும் அண்ணா தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் காகித ரேப் ஒட்டியிருந்தார். தடித்ததில் 'நான்'. மெல்லியதில் 'மச்சான்'.

அண்ணாவுக்கு இந்தக் கனடாவில் ஒரே ஒரு மச்சான்தான் இருக்கிறார். அவர் இப்போது உங்களோடு இருந்து இதை வாசித்துக்கொண்டிருப்பார். அண்ணாவைவிட அரை அடி கட்டை.

அண்ணியிடம் திரும்பி, "இவர் எப்பிடி? அதுக்கு நானெல்லோ கையெழுத்து வைக்கவேணும்?" என்று கேட்டேன். அண்ணி மேலே போய்க் கோப்பு ஒன்றை எடுத்துவந்து தந்தார். நான் சொன்னேனே, அண்ணா எதையும் இரண்டு பிரதி எடுத்து வைப்பார் என்று. என் கணவர் துவக்கு வைத்திருக்க அனுமதி கேட்கும் விண்ணப்பம். மூன்றாம் பக்கத்தில், மனைவிக்கு இது தெரியும் என்ற இடத்தில், என்னுடைய கையெழுத்து. அடியில் மங்கலாக அண்ணாவின் பென்சில் குறி. நாங்கள் வீட்டுக்கடனைப் புதுப்பித்த அதே கிழமை. அந்தக் கட்டுக்குள் இதையும் வைத்துத் தந்திருக்கிறார். அன்றைக்கு நான் றோல்ஸுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன், கையைத் துடைத்துவிட்டு ஒன்பது இடத்தில் கையெழுத்து வைத்தேன். அந்தப் பிரதியில் ஒரு மூலையில் மா பட்ட தடம்கூட விழுந்திருக்கிறது.

வாசகர்களே, யாராவது என்னை ஏமாற்றவேண்டுமென்றால் கொஞ்சம் கஷ்டப்படவேண்டும். நான் லேசான ஆள் இல்லை. கடையில் ஒரு வெங்காயம் அழுகியிருந்தாலும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பவள். அண்ணா கஷ்டப்படவே இல்லை. ஒரு பென்சில் போதுமாக இருந்தது. எங்கள் சனம் முழுவதும் நம்பியிருந்த அந்தக் குறியை எடுத்து, சத்தியம் வாங்கிய தங்கச்சியின் கையாலேயே அந்தச் சத்தியத்தை முறித்துவிட்டார். எனக்குத் துவக்கைக் கண்டதைவிட அந்தக் காகிதத்தைக் கண்டதுதான் நொந்தது. இன்றைக்கும் நோகிறது.

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "சனிக்கிழமையில பிறம்ரன்ல என்ன சாமான் ஏத்தினனீங்கள்?"

அவருக்கு விளங்கிவிட்டது. "அத்தான் தான் உமக்குப் பக்குவமாச் சொல்லுறன் எண்டவர்."

"எப்ப சொல்லுறதாம்? செத்தாப் பிறகோ?"

"சொன்னால் நீர் விடமாட்டீர்."

"விடமாட்டன் எண்டு தெரிஞ்சுதானே செய்தனீங்கள்! அப்ப அது மறதி இல்லை, உது திட்டம்."

மூன்று கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை. சாப்பாடு கொடுத்தேன், கோப்பையைக் கொஞ்சம் பலமாக வைத்தேன். என் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாக ஆங்கிலத்தில் சமாதானம் பேசிப் பார்த்துவிட்டுத் தங்கள் அறைகளுக்குப் போய்விட்டார்கள்.

அண்ணி தந்த கோப்புக்குள் ஒரு அப்பியாசக் கொப்பியும் இருந்தது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'இன்று ஒரு தட்டு உடைந்தது.' வேலைத்தலத்து நண்பர் ஒருவர் சும்மா பார்க்க வா என்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். யந்திரம் ஒன்று செம்மஞ்சள் நிறக் களிமண் தட்டுகளை ஆகாயத்தில் எறியும், விழுமுன் சுட்டு உடைக்கவேண்டும். அது உடைந்தால் தூள்தான் கொட்டும், யாரும் விழமாட்டார்கள். இதையும் அவர்தான் எழுதியிருக்கிறார், என் சொல் இல்லை. இரண்டாம் கிழமை மச்சானையும் கூட்டிக்கொண்டு போனாராம்.

ஒரு வருடம் அந்தத் தட்டுச் சுடும் சங்கத்துத் துவக்கை இரவல் வாங்கிச் சுட்டுவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்க யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை எட்டு மாதம், பதினோரு பக்கம். அண்ணா எங்கள் வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி தெரிவு செய்யும்போதுகூட இவ்வளவு பாடுபடவில்லை. போட்டிக்கு ஒன்று, வேட்டைக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர்கள்தான் அதிகமாம். அண்ணா எழுதுகிறார்: 'இரண்டு வேண்டாம். ஒன்றை மறைப்பதே பெரும் பாடு.' ஆகவே ஒன்றே இரண்டுக்கும் உதவவேண்டும். போட்டிக்குப் பாரமானது நல்லது, கையில் அசையாமல் நிற்கும். வேட்டைக்கு லேசானது நல்லது, சேற்றுக்குள் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரியவேண்டும். போட்டிக்காரர் பலர் வைத்திருக்கும் இரட்டைக் குழலில் இரண்டு வெடிதான். ஒவ்வொரு முறையும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற வகையில் பறவை வேட்டைக்குச் சட்டப்படி மூன்று. அதனால் அந்த வகைதான் என்று முடிவாகிறது.

அதிலும் இரண்டு சாதி இருக்கிறதாம். ஒன்று, வெடித்த புகையின் அழுத்தத்தால் இயங்குவது. தோளை மெல்லத்தான் உதைக்கும், ஆனால் உள்ளே கரி பிடிக்கும், ஒவ்வொரு முறையும் கழற்றித் துடைக்கவேண்டும். மற்றது, உதைக்கிற உதையாலேயே இயங்குவது. லேசு, சுத்தம், குளிரிலும் சேற்றிலும் இறுகாது, ஆனால் உதை பலம். கடைக்காரர் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார். மச்சானும் அதைத்தான் கேட்டாராம். அதற்குக் கீழே அண்ணா எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: 'ஒரு சனிக்கிழமைக்கு நூறு வெடி. தோள் கன்றிப்போகும். மச்சானின் தோள் கன்றினால் தங்கச்சி காண்பாள். மெல்ல உதைப்பதே எடுக்கவேண்டும். துடைக்கிற வேலையை நான் செய்வேன்.'

அடுத்த பக்கம்: 'மரப்பிடி வடிவுதான். ஆனால் மெழுகெண்ணெய் மணக்கும். தங்கச்சிக்கு மூக்குக் கூர்மை. பிளாஸ்ரிக் பிடி.' இன்னொன்று: 'குழல் இருபத்தெட்டு அங்குலம். முப்பது என்றால் கார் டிக்கிக்குள் மற்றச் சாமானோடு தெரியும்.' பிறகு, நத்தார் முடிந்த கிழமையில், சிவப்பு மையால்: 'தங்கச்சியின் பல்லில் துவக்குச் சன்னம். என் பிழை. இனி இறைச்சியைக் காந்தத்தால் தடவிப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும்.' எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த பெரிய காந்தம் எங்கே போனது என்று நான் பிள்ளைகளைத் திட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கொப்பியை நான் மூன்று தரம் வாசித்தேன். என் வாழ்க்கையில் நான் முழுதாக வாசித்த அண்ணாவின் எழுத்து அதுதான். பக்கத்துக்குப் பக்கம் நான் இருக்கிறேன். என் கண்ணுக்கு, என் மூக்குக்கு, என் வாய்க்கு என்று அளவெடுத்துத்தான் அந்தத் துவக்கை வாங்கியிருக்கிறார்கள். இவ்வளவு தூரம் என்னை யோசித்த மனுசர், "தங்கச்சி, எனக்கு இது பிடிச்சிருக்கு" என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்ல யோசிக்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை.

துவக்கை உரிமம் இல்லாத அண்ணி தன் வீட்டில் நெடுக வைத்திருக்க முடியாது. என் வீட்டுக்கு அது வரப்போவதில்லை. சங்கத்தில் ஹென்றி என்று ஒரு முதியவர், முடிவு தெரியும்வரை தன்னிடம் பூட்டி வைப்பதாகச் சொன்னார். அண்ணியோடு நானும் சங்கத்துக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன், அதை ஒளிப்பானேன். அந்த மனுசர் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். "அந்த றோல்ஸ் செய்கிற தங்கச்சி நீங்கள்தானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். 'தங்கச்சி' என்பதை என் பெயர் என்றே நினைத்திருக்கிறார். உள்ளே இருந்த வெள்ளைக்காரர் எல்லாம் எழும்பி வந்து கை கொடுத்தார்கள். ஏழு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் என் றோல்ஸைத் தின்றவர்கள். உறைப்பு முதலில் அதிகமாக இருந்ததாம், பிறகு பழகிவிட்டதாம். எனக்குச் சண்டை பிடிக்க வாய் வரவில்லை.

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஏதோ போட்டியில் இரண்டாம் இடம். அண்ணாவும் இவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இவர் ஏதோ பகிடி சொல்லியிருக்கவேண்டும், அண்ணா தலையை அண்ணாந்து, கடைவாய்ப்பல் தெரியச் சிரிக்கிறார். எங்கள் வீட்டில் உள்ள ஒரு படத்திலும் அண்ணா அப்படிச் சிரித்ததில்லை. என் கலியாணப் படத்தில்கூடப் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோலத்தான் நிற்கிறார். உப்பை எடு என்பதற்கு மேல் பேசாத இரண்டு பேரும் அங்கே வாய் ஓயாமல் பேசுவார்கள் என்றார் ஹென்றி. எனக்கு அழுகை வந்தது. அண்ணாவை நினைத்து அழுதேன் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு வந்தது எரிச்சல். நான் சின்னண்ணாவோடு சேர்த்துப் புதைத்துவிட்டோம் என்று நினைத்திருந்த அந்தச் சிரிப்பை அண்ணா வெளியிலே எடுத்து, முன்பின் தெரியாத சனத்துக்குக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தரவில்லை.

இந்த மலரின் அட்டையில் உள்ள படம் அதுதான். நல்ல படம் எங்கே எடுத்தது என்று காலையிலிருந்து எல்லாரும் கேட்டிருப்பீர்கள். நெஞ்சளவில் வெட்டிப் போட்டிருக்கிறோம். கீழே கையில் என்ன இருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இனி நன்றி சொல்லவேண்டும். அண்ணாவைத் தங்கள் சொந்தத் தகப்பனைப் போலப் பார்த்த தாதிமார்களுக்கும் மருத்துவர்களுக்கும், கடைசி நாளில் அவஸ்தைப்பூசுதல் கொடுத்த பங்குத்தந்தைக்கும், பாடகர் குழுவுக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறும் கறியும் கொண்டுவந்து தந்த மோர்னிங்சைட் வாசிகளுக்கும், தூர இடங்களிலிருந்து வந்தவர்களுக்கும், வரமுடியாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஹென்றிக்கும் நன்றி. இன்றைக்கு மேசையில் இருக்கும் றோல்ஸ் நான் செய்தது. அவருக்கு ஒரு பெட்டி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணிக்கு நன்றி சொன்னால் கோபிப்பார்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அண்ணா போவதற்கு ஒன்பது நாள் முன்பு, மத்தியானம், நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். வழக்கம்போல நிரப்பி, பென்சில் குறி போட்டு. நான் பேனையைத் தேடினேன்.

அண்ணா, "வாசிச்சுப் பாத்து வை பிள்ளை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "எப்ப அண்ணா நான் வாசிச்சனான்? தாங்கோ."

"இல்லை. இதை வாசி. வாசிச்சுப்போட்டு வை."

அந்த நேரம் தாதி ஊசி போட வந்தார். "சரி, வீட்ட கொண்டுபோய் வாசிக்கிறன்" என்று படிவத்தை அவருடைய துணிப் பைக்குள் வைத்தேன். அதோடு மறந்துபோனேன். அண்ணா அதற்குப் பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பார். வலியாக்கும் என்று நினைத்தேன்.

போன மாதம் அண்ணி அந்தத் துணிப் பையைத் தந்தார். என் கணவரின் உரிமத்தைப் புதுப்பிக்கும் விண்ணப்பம். அவருடைய உரிமம் இந்த வருடத்தோடு முடிகிறது. அது முடிந்தால் துவக்கு அவருக்கு வராது. கையெழுத்து இல்லாமல் அனுப்பினால் உரிமம் கொடுக்கும் கந்தோரிலிருந்து எனக்குத் தொலைபேசி வரும், நான் என்ன சொல்வேன் என்று இவருக்குத் தெரியும். பையில் என்ன இருக்கிறது என்றும் இவருக்குத் தெரியும். ஒரு மாதமாக, அந்தப் பையை நான் வைத்த அலுமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணா, நீங்கள் சொன்னபடி வாசித்தேன். ஒரு வரி விடாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு பின்னேரம் முழுக்க. ஏழு வருடம் வாய் இருந்தும் சொல்லாமல், கடைசி ஒன்பது நாளுக்கு அதை விட்டுவைத்தீர்களே என்று திட்டிக்கொண்டே வாசித்தேன். பிறகு அழிறப்பரை எடுத்து உங்கள் பெருக்கல் குறியை அழித்துவிட்டேன். நீங்கள் அழுத்தி எழுதுகிறவர், தடம் மட்டும் இருக்கிறது.

படிவம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. இதை வாசித்து முடித்துவிட்டு இவர் வீட்டுக்கு வரட்டும். எனக்கு முன்னால் இருந்து, உப்பை எடு என்று கேட்பதுபோலவாவது, வாயால் கேட்கட்டும். ஓம் என்பேனோ இல்லை என்பேனோ எனக்கே தெரியாது. ஆனால் இந்தமுறை என்னைக் கேட்கவேண்டும்.

— தங்கச்சி